பயனர் சொல் அம்பலம் ஏற: லிப்ரே ஆபிஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில், ஆவணம் எழுதும் ரைட்டரிலும் கணக்கு அட்டவணை போடும் கால்க்கிலும் தினமும் வேலை பார்க்கிறீர்கள். நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் இந்த மென்பொருளில் இன்னது மாறினால் நன்றாக இருக்கும் என்று ஓர் எண்ணம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த எண்ணம் அடுத்த பதிப்பில் போய் உட்காரும்வரை கடக்க வேண்டிய படிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

லிப்ரே ஆபிஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் வாசல்கள் எல்லாம் தெருவைப் பார்த்தே இருப்பதுதான். வழுப் பட்டியல் (மென்பொருள் பிழைகளின் பட்டியல்), வடிவமைப்புக் குழுவின் வாராந்தரக் கூட்டம், மொழிபெயர்ப்புத் தளம், நிர்வாகக் குழுத் தேர்தல் என எதிலும் வெளியாள் நுழைய வழி உண்டு. மற்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் எது மாறும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றை இப்போதே மனத்தில் போட்டுக்கொண்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். எத்தனை பேர் சத்தம் போட்டார்கள் என்று எண்ணிப் பார்த்து இங்கே வேலை நடப்பதில்லை. முகம் தெரியாத ஒருவர், ஜெர்மனியிலோ பிரேசிலிலோ உட்கார்ந்துகொண்டு, நீங்கள் சொன்ன குறையைத் தன் கணினியில் ஐந்து நிமிடத்தில் வரவழைத்துப் பார்க்க முடிகிறதா? அதைப் பொறுத்துத்தான் எல்லாம். கீழே வரும் படிகளில் பாதி அந்த ஐந்து நிமிடத்துக்கான ஏற்பாடுதான்.

1. குறை எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. மனத்தில் இருப்பதை அப்படியே கொட்டிவிடுகிறார்கள். அதில் வழுவும் இருக்கும், ஆசையும் இருக்கும், கோபமும் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் கேட்கும் ஆள் வேறு.

செய்ய வேண்டியதை மென்பொருள் செய்யவில்லை, அல்லது நேற்றுவரை செய்தது இன்று செய்யவில்லை என்றால் அது வழு. பக்ஸில்லா என்ற வழுப் பட்டியலுக்குப் போக வேண்டும். இதுவரை இல்லாத ஒரு வசதி வேண்டும் என்றாலும் பக்ஸில்லாதான். ஆனால் அதை 'என்ஹான்ஸ்மென்ட்' (மேம்பாடு) என்று குறிக்க வேண்டும். பெயர், உரிமம், பணம், யாரை வேலைக்கு எடுப்பது போன்றவை திட்டத்தின் கொள்கை. அவை நிர்வாகக் குழுவின் காதுக்குப் போக வேண்டியவை. நிரலாளரிடம் அதைச் சொல்லிப் பயன் இல்லை.

இவை எதிலும் சேராத இன்னொரு வகை உண்டு: 'இதை எப்படிச் செய்வது?' வழு என்று நினைத்து வருகிறவர்களில் கணிசமானவர்கள் உண்மையில் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். தமிழ்ப் பயனர்களிடம் அடிக்கடி காணும் உதாரணம் ஒன்று. ரைட்டரில் இயல்பான பாணியின் எழுத்துருவை மாற்றுகிறார்கள். ஆங்கில எழுத்து மாறுகிறது, தமிழ் எழுத்து அப்படியே இருக்கிறது. உடனே 'எழுத்துரு மாறவில்லை' என்று ஒரு புகார்.

லிப்ரே ஆபிஸ் ஒரே பாணிக்குள் மூன்று எழுத்துருக்களை வைத்துக்கொள்கிறது. மேற்கத்திய எழுத்துகளுக்கு ஒன்று, சீனம், சப்பானியம் போன்றவற்றுக்கு ஒன்று, சிக்கலான எழுத்தமைப்புக்கு ஒன்று. தமிழ் மூன்றாவதில் வரும். மொழி அமைப்புகளில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற பெட்டியில் டிக் இருந்தால், பாணியின் எழுத்துருச் சாளரத்தில் தமிழுக்கு உரிய எழுத்துருக் கட்டமும் தெரியும். இதை வழு என்று பதிந்தால் 'நாட் எ பக்' என்று மூடப்படும். ஆனால் 'இந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று புதியவரால் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று பதிந்தால் அது நியாயமான வடிவமைப்புக் குறை. பார்த்த காட்சி ஒன்றுதான், வகை பிரித்ததில் விளைவு வேறாகிவிடுகிறது.

ஆகவே பதிவதற்கு முன் திட்டத்தின் கேள்வி பதில் தளத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அங்கே விடை கிடைத்தால் வேலை முடிந்தது. 'ஆமாம், இது வழுதான்' என்று ஒருவர் சொன்னால், உங்கள் பதிவுக்கு முதல் சாட்சி கிடைத்துவிட்டார்.

2. குறை யாருடையது என்று பாருங்கள்

லிப்ரே ஆபிஸ் திரையில் ஒரு தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால், குற்றம் லிப்ரே ஆபிஸ் மேல்தான் என்று சொல்லிவிட முடியாது. 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, எழுத்துகளைக் கோத்து வடிவம் தரும் வேலையை எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற தனி நூலகம் பார்க்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அதையே பயன்படுத்துகின்றன.

அதனால் ஓர் எளிய சோதனை போதும். அதே சொல்லை, அதே எழுத்துருவில், ஃபயர்ஃபாக்ஸில் பாருங்கள். அங்கும் உடைந்தால் குற்றம் எழுத்துருவிலோ ஹார்ஃப்பஸிலோ இருக்கலாம். எழுத்துருவை மட்டும் மாற்றிப் பாருங்கள். சரியாகிவிட்டால் எழுத்துருவை உருவாக்கியவரிடம்தான் போக வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் சரி, ரைட்டரில் மட்டும் தவறு என்றால், இப்போது உங்கள் கையில் நல்ல வழு ஒன்று இருக்கிறது.

இதே முறையில் இன்னும் சிலவற்றையும் பிரிக்கலாம். தமிழ்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போது வரிசை பிசகினால், அந்த விதிகள் பெரும்பாலும் ஐசியு என்ற பொது நூலகத்திலிருந்து வருபவை. மாதப் பெயரோ தேதி வடிவமோ தவறு என்றால், அது லிப்ரே ஆபிஸின் சொந்த வட்டாரத் தரவு (மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ற அமைப்பு), அங்கேயே சொல்லலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பு வேறு கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், அது யாருடைய வழுவும் அன்று. கோப்புக்குள் இருப்பதே யூனிகோட் தமிழ் இல்லை. மாற்றியை வைத்து மாற்ற வேண்டியதுதான்.

லினக்ஸ் பயனர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. உபுண்டு, ஃபெடோரா போன்ற உங்கள் வழங்கல் தரும் லிப்ரே ஆபிஸ் அவர்களே தொகுத்தது. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கிய பதிப்பிலும் குறை வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் போக வேண்டிய வாசல் வழங்கலின் வாசல்.

இந்தப் படிக்கு அரை மணி நேரம் ஆகலாம். தவிர்த்தால், 'இது எங்கள் வழு அன்று' என்ற ஒற்றை வரிப் பதிலுக்காகப் பல வாரம் காத்திருக்க நேரும்.

3. கையில் இருக்க வேண்டியவை

பதிவு செய்யும் பக்கத்தைத் திறப்பதற்கு முன் நான்கு பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, புதிய பதிப்பு. இரண்டு ஆண்டுக்கு முந்தைய பதிப்பில் பார்த்த குறை ஏற்கெனவே சரியாகியிருக்கலாம். தன்னார்வலர் கேட்கும் முதல் கேள்வியும் 'புதியதில் வருகிறதா?' என்பதுதான். பழைய பதிப்பை அலுவலகக் கணினியில் மாற்ற முடியாதென்றால், வீட்டுக் கணினியில் புதியதைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு முறையில் ஒரு சோதனை. 'ஹெல்ப்' மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' என்று இருக்கும். அதில் திறந்தால் உங்கள் தனி அமைப்புகளும் நீங்கள் கூடுதலாகச் சேர்த்த நீட்சிகளும் இல்லாமல் மென்பொருள் ஓடும். குறை மறைந்துவிட்டால் கோளாறு உங்கள் பயனர் அமைப்பில் இருக்கிறது. 'திடீரென்று மெதுவாகிவிட்டது', 'மெனு காணாமல் போய்விட்டது' வகைப் புகார்களில் பல இங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

மூன்றாவது, மாதிரிக் கோப்பு. குறை தெரிகிற 80 பக்க அறிக்கையை அப்படியே அனுப்பாதீர்கள். பாதியை வெட்டிப் பாருங்கள். குறை இன்னும் தெரிகிறதா? மறுபடி பாதியை வெட்டுங்கள். கடைசியில் ஒரு பத்தியோ ஓர் அட்டவணையோ மிஞ்சும். அதுதான் மாதிரி. வெட்டிக்கொண்டு போகும்போதே எது குறையைக் கிளப்புகிறது என்பது உங்களுக்கே பல நேரம் பிடிபட்டுவிடும். இன்னொன்று: பக்ஸில்லாவில் ஏற்றும் கோப்பை உலகமே இறக்கிப் பார்க்கலாம். சம்பளப் பட்டியல், மாணவர் பெயர், ஆதார் எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது. கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் நீக்குங்கள்.

நான்காவது, கணக்கு. பக்ஸில்லாவில் மின்னஞ்சல் கொண்டு பதிய வேண்டும். பதிவு செய்த மற்றவர்கள் கண்ணில் அந்த முகவரி படும். சொந்த வேலைக்கு வைத்திருக்கும் முகவரியைத் தவிர்த்து, இதற்கென்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தினமும் திறந்து பார்க்கும் முகவரியாக இருக்கட்டும். ஏன் என்பது 6-ஆம் படியில் வரும்.

4. ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள்

தேடல் ஆங்கிலத்தில்தான். உங்கள் மனத்தில் உள்ள சொல்லை மட்டும் தேடினால் கிடைக்காது. குறை நடக்கும் இடத்தின் மெனுப் பெயரை ஆங்கில இடைமுகத்தில் பார்த்து அதையே தேடுங்கள். மூடப்பட்ட பதிவுகளையும் சேர்த்துத் தேடுங்கள். 'செய்யப் போவதில்லை' என்று மூடியிருந்தால் அதற்கான காரணம் அங்கே எழுதப்பட்டிருக்கும். அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லாமல் அதையே திரும்பக் கேட்டால் பழைய வாதம்தான் மீண்டும் ஓடும்.

அதே குறை கிடைத்துவிட்டால் 'எனக்கும் இதே பிரச்சினை' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த ஒரு வரி, அந்தப் பதிவைப் பின்தொடரும் எல்லாருடைய அஞ்சல்பெட்டிக்கும் போகும், புதிதாக எதுவும் சொல்லாது. அந்தப் பதிவின் 'சிசி' பட்டியலில் (அதைப் பற்றிய அஞ்சல் பெறுவோர் பட்டியல்) உங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள், எத்தனை நகல் பதிவுகள் வந்திருக்கின்றன என்பதைத் தரச்சோதனைக் குழு முன்னுரிமை தரும்போது பார்க்கிறது.

எழுதுவதென்றால் புதிய தகவலோடு எழுதுங்கள். 'விண்டோஸ் 11-இலும் வருகிறது', 'டாக்எக்ஸ் (.docx) கோப்பில் மட்டும் வருகிறது, ஓடிடி (.odt) கோப்பில் வரவில்லை' போன்ற ஒரு வரி, ஐம்பது 'எனக்கும்'களைவிட மதிப்புப் பெறும்.

5. பதிவை எழுதுங்கள்

தலைப்பில்தான் பாதி விதி இருக்கிறது. பட்டியலை மேய்கிறவர்கள் தலைப்பை மட்டுமே பார்த்துத் திறக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். 'தமிழ் சரியாக வரவில்லை' என்பது வைத்தியரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருவது போன்றது. 'அட்டவணைக் கட்டத்துக்குள் தமிழ்ச் சொல் வரி மடங்கும்போது உயிர்மெய்க் குறி அடுத்த வரிக்குப் போகிறது' என்று எழுதினால், எந்தப் பகுதி, எப்போது, என்ன என்ற மூன்றும் வந்துவிட்டன.

உள்ளே நான்கு பகுதிகள் போதும்: செய்த படிகள், நடந்தது, நடந்திருக்க வேண்டியது, பதிப்பு விவரம். படிகளை எண்ணிட்டு எழுதுங்கள். 'கோப்பைத் திற' என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்ட படிதான் எழுதும்போது விடுபடும், படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். எழுதி முடித்ததும், எழுதியதை மட்டும் பார்த்து நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.

பதிப்பு விவரத்தைக் கையால் தட்டாதீர்கள். 'ஹெல்ப்' மெனுவில் 'அபௌட் லிப்ரே ஆபிஸ்' திறந்தால் நகலெடுக்கும் பொத்தான் இருக்கும். பதிப்பு எண்ணோடு இயங்குதளமும் வட்டார அமைப்பும் சேர்ந்து வரும். தமிழ்ச் சிக்கல்களில் அந்த வட்டார அமைப்புதான் பல நேரம் துப்பு.

ஒரு பதிவுக்கு ஒரே குறை. இதை எவ்வளவு சொன்னாலும் புதியவர்கள் கேட்பதில்லை, ஏழெட்டுக் குறைகளைச் சேர்த்து ஒரே பதிவில் தள்ளுகிறார்கள். காரணம் இதுதான்: ஒரு பதிவுக்கு ஒரே நிலைதான் இருக்க முடியும். ஏழில் மூன்று சரியானால் அதைத் திறந்து வைப்பதா, மூடுவதா? யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் தொட மாட்டார்கள்.

தமிழ் தொடர்பான வழுவுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதைச் சரிசெய்யப் போகிறவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. 'கொ' என்ற எழுத்தில் கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும் என்பது நமக்குக் கண்ணிலேயே பட்டுவிடும், அவருக்கு இரண்டு கோலங்களும் ஒன்றாகவே தெரியும். ஆகவே சரியான வடிவத்தின் படம், தவறான வடிவத்தின் படம் இரண்டையும் அருகருகே வைத்து, எங்கே வேறுபடுகிறது என்று வட்டமிட்டுக் காட்டுங்கள். அந்த எழுத்தின் யூனிகோட் எண்களையும் எழுதுங்கள். எழுத்துருவின் பெயரைச் சொல்லி, அது எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் ஆங்கிலம் சுமார்தான் என்று தயங்க வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியம் போதும். இந்தப் பட்டியலில் எழுதுகிறவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை.

'முன்பு சரியாக இருந்தது' என்று காட்ட முடிந்தால் உங்கள் பதிவின் எடையே வேறு. புதிதாக ஒன்று கேட்பதைத் தள்ளிப்போடலாம், இருந்ததைக் கெடுத்ததைத் தள்ளிப்போடுவது கஷ்டம். பழைய பதிப்புகள் அனைத்தும் இறக்கக் கிடைக்கின்றன. எந்தப் பதிப்பில் சரி, எதில் கெட்டது என்று இரண்டு எண்களைக் கொடுங்கள்.

கொஞ்சம் துணிந்தவர்களுக்கு 'பைபிசெக்ட்' என்று ஒரு வழி இருக்கிறது. இடைக்காலத்தில் தொகுத்த ஓடக்கூடிய வடிவங்கள் பலவற்றை ஒரே கிட் (மாற்றங்களை வரிசையாகச் சேமிக்கும் கருவி) களஞ்சியத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒன்றை ஓட்டிச் சரியா தவறா என்று சொன்னால், அது அடுத்த நடுவுக்குப் போகும். முடிவில் எந்த மாற்றத்தால் கெட்டது என்பதே தெரிந்துவிடும். அந்த மாற்றத்தைச் செய்தவரைப் பதிவில் சேர்த்துவிடலாம். நிரல் ஒரு வரிகூடப் படிக்கத் தேவையில்லை. வன்தட்டில் தாராளமாக இடமும் பொறுமையும் வேண்டும். பயனராக இருந்துகொண்டே செய்யக்கூடியவற்றில் இதைவிட மதிப்புள்ள உதவி இல்லை என்பது என் கருத்து.

6. பதிந்தபின் காணாமல் போகாதீர்கள்

புதிய பதிவு 'உறுதியாகவில்லை' என்ற நிலையில் தொடங்கும். வேறொருவர் தன் கணினியில் பார்த்து உறுதிசெய்தால்தான் 'நியூ' ஆகும். உங்கள் பதிவை நீங்களே 'நியூ' ஆக்காதீர்கள். இரண்டாவது கண் பார்த்தது என்பதற்கான அடையாளம் அது. நீங்களே மாற்றிவிட்டால் அந்த இரண்டாவது கண் வராமலே போகலாம்.

யாராவது கூடுதல் தகவல் கேட்டால் நிலை 'நீட்இன்ஃபோ' ஆகும். இங்கேதான் ஏராளமான நல்ல பதிவுகள் சாகின்றன. கேட்டவர் காத்திருப்பார். பதிந்தவரோ அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. ஆறு மாதம் போனால் ஒரு நினைவூட்டல் வரும், அதற்கும் பதில் இல்லை என்றால் தகவல் போதவில்லை என்று மூடிவிடுவார்கள். பதில் சொன்னதும் நிலையை மீண்டும் 'உறுதியாகவில்லை' என்று மாற்ற மறக்காதீர்கள். பதில் மட்டும் எழுதி நிலையை அப்படியே விட்டால், தேடுகிறவர்கள் பட்டியலில் உங்கள் பதிவு மேலே வராது.

'வொர்க்ஸ் ஃபார் மீ' என்று மூடினால் கோபப்பட வேண்டாம். 'என் கணினியில் வரவில்லை' என்பதுதான் அதன் அர்த்தம். உங்களுடையதில் இன்னும் வருகிறதென்றால் இருவருக்கும் இடையே ஏதோ ஒரு வேறுபாடு இருக்கிறது. எழுத்துரு, வட்டார அமைப்பு, நீட்சி என ஒவ்வொன்றாகப் பார்த்து அதைக் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பப் போங்கள்.

நீண்ட நாள் யாரும் தொடாத பதிவுகளுக்கு 'இன்னும் வருகிறதா?' என்று தானியங்கிச் செய்தி வரும். இதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிய பதிப்பில் ஒருமுறை பார்த்துவிட்டு 'இன்னும் வருகிறது' என்று பதிப்பு விவரத்தோடு எழுதினால், உங்கள் பதிவு உயிரோடு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

சரிசெய்தாகிவிட்டது என்று செய்தி வந்தால் வேலை இன்னும் ஒன்று பாக்கி. அன்றன்றைய நிரலிலிருந்து உருவாக்கும் தினசரித் தொகுப்பு ஒன்றை இறக்கிப் பாருங்கள். சரியாகியிருந்தால் அப்படியே எழுதுங்கள், நன்றியும் சொல்லுங்கள். பாதிதான் சரியானது என்றால், மிச்சத்துக்குப் புதுப் பதிவு போடுங்கள்.

7. புதிய வசதி கேட்கும் முறை

வழுவில் வாதம் குறைவு. வசதியில் எல்லாமே வாதம்தான். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, தீர்வைக் கேட்பது. 'வேர்டில் இருப்பது போல ஒரு பொத்தான் வையுங்கள்' என்றால், அந்தப் பொத்தான் வேண்டுமா வேண்டாமா என்பதே பேச்சாகிவிடும். உங்கள் சிக்கல் காணாமல் போய்விடும்.

ரைட்டரில் பக்க எண் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெகுகாலம் அதற்கு மூன்று இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. முதலில் அடிப்பகுதியைத் திறக்க வேண்டும், பிறகு அதற்குள் சுட்டியை வைக்க வேண்டும், பிறகு பக்க எண் புலத்தைச் செருக வேண்டும். புதியவர்கள் முதல் படியை அறியாமல் பக்க எண்ணைப் பத்தி நடுவில் செருகிவிடுவார்கள். இப்படி, யார், எந்த வேலையில், எங்கே சிக்குகிறார் என்று சொல்வதுதான் நல்ல கோரிக்கை. 2023-இல் வந்த 7.6 பதிப்பில், 'இன்செர்ட்' மெனுவிலிருந்து ஒரே படியில் தலைப்பகுதியிலோ அடிப்பகுதியிலோ பக்க எண் போட ஒரு சாளரம் வந்தது. அதன் வடிவத்தை வடிவமைப்பாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். நம் வேலை சிக்கலைத் தெளிவாகக் காட்டுவதோடு முடிகிறது.

தோற்றம், பயன்பாடு சம்பந்தப்பட்ட கோரிக்கைகளை வடிவமைப்புக் குழுவின் பார்வைக்கு அனுப்ப 'நீட்ஸ் யூஎக்ஸ் இவால்' என்று ஒரு குறிச்சொல் இருக்கிறது. குழு வாரந்தோறும் கூடி இத்தகைய பதிவுகளைப் பேசுகிறது, பேசியதன் சுருக்கம் பதிவிலேயே வந்து விழும். மறுத்தால் காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒத்துக்கொண்டாலும் உடனே வந்துவிடாது. 'செய்யலாம்' என்பது வேறு, 'நான் செய்கிறேன்' என்று ஒருவர் எடுத்துக்கொள்வது வேறு.

8. நாட்காட்டியைப் பாருங்கள்

லிப்ரே ஆபிஸ் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி வாக்கிலும் ஆகஸ்ட் வாக்கிலும், பெரிய பதிப்பு வெளியிடுகிறது. 2024-இலிருந்து பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான்: 24.2, 24.8, 25.2, 25.8.

வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பிருந்து சோதனைப் பதிப்புகள் வரும்: முதலில் ஆல்ஃபா, பிறகு பீட்டா, பிறகு குறை இல்லையென்றால் அப்படியே வெளியாகும் வெளியீட்டு வேட்பாளர். பீட்டா நெருங்கும்போது புதிய வசதிகளுக்குக் கதவு மூடிவிடும், அதன்பின் வழுக்கள் மட்டும். ஜூலையில் போய் 'ஆகஸ்டுப் பதிப்பில் இந்த வசதி வேண்டும்' என்று கேட்பது, பந்தி முடிந்தபின் இலை போடச் சொல்வதற்குச் சமம்.

பயனரின் சொல்லுக்கு மிகுந்த வலு இருக்கும் காலம், ஆல்ஃபாவும் பீட்டாவும் கையில் இருக்கும் அந்தச் சில வாரங்கள். மாற்றம் செய்தவருக்கு அது இன்னும் மனத்தில் இருக்கும், கெடுத்ததைத் திருப்புவதும் எளிது. ஆல்ஃபா, பீட்டா இரண்டும் 'லிப்ரே ஆபிஸ் டெவ்' என்ற தனிப் பெயரில் நிறுவப்படும், உங்கள் வழக்கமான பதிப்பைத் தொடாது. வேட்பாளர் பதிப்பு அப்படியல்ல, இருப்பதன் மேலேயே உட்காரும். எதுவானாலும் அசல் கோப்புகளில் சோதிக்காமல் நகலில் சோதியுங்கள். உங்கள் அலுவலகத்தில் தினமும் புழங்கும் நான்கைந்து கோப்புகளை இதற்கென்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பீட்டாவிலும் திறந்து, பிடிஎஃப் ஆக்கிப் பார்த்தாலே போதும்.

9. கொள்கை மாற வேண்டும் என்றால்

லிப்ரே ஆபிஸின் பின்னால் இருப்பது பெர்லினில் பதிவுபெற்ற தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை. கொள்கை முடிவு அதன் நிர்வாகக் குழுவிடம்.

2020 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். 7.0-இன் வேட்பாளர் பதிப்பைத் திறந்தவர்கள் அதில் 'பர்சனல் எடிஷன்' என்ற முத்திரையைக் கண்டார்கள். அப்படியானால் பள்ளியும் அலுவலகமும் காசு கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. உரிமம் மாறவில்லை, யாரும் எங்கும் பயன்படுத்தலாம் என்று குழு விளக்கியது. ஆனாலும் அந்தச் சொல் கேட்பவர் மனத்தில் என்ன நினைப்பை உண்டாக்கும் என்பதுதான் பயனர்களின் வாதம். ஆகஸ்டில் வெளியான 7.0-இல் அந்த முத்திரை இல்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்த 7.1-இல் 'கம்யூனிட்டி' என்ற சொல் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, வேட்பாளர் பதிப்பை நிறுவிப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் வெளியீட்டுக்கு முன்பே பேச்சு எழுந்தது. மற்றொன்று, எடுபட்ட வாதம் திட்டு அல்ல. 'எங்கள் அலுவலகத்தில் இதைப் பார்த்தால் இப்படிப் புரிந்துகொள்வார்கள்' என்பதே எடுபட்டது. குழுவின் கூட்டங்களில் பொதுப் பகுதி உண்டு, வெளியாளும் கேட்கலாம். கேட்கும்போது ஒரே கேள்வியாக, முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

10. தமிழ் இடைமுகம்: வழுப் பதிவு இல்லாமலே மாற்றக்கூடிய பகுதி

தமிழ் மெனுவில் ஒரு சொல் பிடிக்கவில்லை என்றால் வழுப் பதிவு தேவையில்லை. திட்டத்தின் வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் கணக்குத் தொடங்கி, அந்த வரியைத் தேடி, உங்கள் சொல்லைப் பரிந்துரையாகப் போடலாம்.

இரண்டு எச்சரிக்கை. மூல வரியில் சதவீதக் குறியோடோ டாலர் குறியோடோ வரும் மாறிகளை எழுத்துப் பிசகாமல் அப்படியே வையுங்கள், அவை பின்னர் பெயராகவோ எண்ணாகவோ மாறும். டில்டே (~), அடிக்கோடு (_) போன்றவை விசைப்பலகைக் குறுக்குவழிக்கான அடையாளங்கள், அவற்றையும் காரணமில்லாமல் நீக்காதீர்கள்.

ஒரு சொல்லை மாற்றும்முன் அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். ஒரே பொருளுக்கு ஒரு மெனுவில் 'கோப்பு', இன்னொன்றில் வேறு சொல் என்றால் பயனர் குழம்புவார். ஏற்கெனவே உழைத்தவர்களோடு பேசாமல் நூறு வரிகளை ஒரே இரவில் மாற்றுவது சண்டையில்தான் முடியும்.

11. வாக்கு வேண்டும் என்றால் உறுப்பினர் ஆகுங்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் காதில் போடும் வழிகள். கையில் வாக்கு வேண்டும் என்றால் அறக்கட்டளையின் உறுப்பினராக வேண்டும். குறைந்தது மூன்று மாதமாவது பங்களித்திருக்க வேண்டும், அடுத்த ஆறு மாதமாவது தொடர்வதாக உறுதி சொல்ல வேண்டும். பங்களிப்பு நிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வழு உறுதிசெய்தல், மொழிபெயர்ப்பு, கேள்விகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் கணக்கில் வரும். விண்ணப்பிக்கும்முன் நடப்பு விதிகளை அவர்கள் தளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

உறுப்பினர்கள்தான் நிர்வாகக் குழுவையும், யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் குழுவையும் தேர்ந்தெடுக்கிறார்கள். புதியவர்கள் விடும் தவறு, செய்த வேலையைக் குறித்து வைக்காதது. உங்கள் பதிவு எண்கள், மொழிபெயர்த்த வரிகள் ஆகியவற்றை ஒரு தாளில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

நன்கொடை கொடுத்தால் வாக்கு வராது, கேட்ட வசதியும் வராது. உங்கள் நிறுவனத்துக்கு ஒரு வசதி அவசரமாகத் தேவை என்றால், லிப்ரே ஆபிஸில் வேலை செய்யும் வணிக நிறுவனங்களுக்குக் காசு கொடுத்துச் செய்துகொள்வது நேர்வழி. செய்தது பொதுவில் சேர்ந்துவிடும், எல்லாருக்கும் கிடைக்கும்.

12. வேறு திட்டங்களில் எது மாறும்

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் தன் சமூக ஒப்பந்தத்தில் பயனர்களும் கட்டற்ற மென்பொருளுமே எங்கள் முன்னுரிமை என்று எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அங்கே வாக்கு டெவலப்பர்களுக்கு மட்டும். நிரல் எழுதாதவரும் டெவலப்பராக ஏற்கப்படலாம், ஆனால் அந்த வழி நீளமானது. வழுவை அந்தந்தப் பொதியின் (நிறுவுவதற்காகத் தொகுத்த மென்பொருளின்) பேரில்தான் பதிய வேண்டும், 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி பொதி விவரங்களைத் தானே சேர்த்துக்கொள்ளும். லினக்ஸ் திரைச்சூழலை உருவாக்கும் கேடிஇ 2017-இலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொது இலக்குகளைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு சிக்கல் பல செயலிகளில் பரவியிருந்தால், தனித்தனி வழுவாகப் போடுவதோடு நிற்காமல் அந்தச் சமயத்தில் முன்மொழிவாகவும் வைக்கலாம்.

ஒரே ஒருவர் பராமரிக்கும் சிறு திட்டம் என்றால் மேலே சொன்ன குழு, கூட்டம், குறிச்சொல் எதுவும் இருக்காது. அங்கே முதலில் படிக்க வேண்டியது பங்களிப்பு விதிகளைச் சொல்லும் கோப்பை. அடுத்து, மூடப்பட்ட கோரிக்கைகளில் கடைசி இருபதையாவது பாருங்கள். எதற்கு அவர் சரி என்கிறார், எதற்கு மறுக்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும். பெரிய மாற்றம் என்றால் செய்துகொண்டு போய் நீட்டுவதற்கு முன், 'இப்படி ஒன்று செய்தால் ஏற்பீர்களா?' என்று இரண்டு வரியில் கேளுங்கள். இரண்டு வாரம் பதில் வரவில்லை என்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், கடைசியாக அதில் எப்போது நிரல் சேர்ந்தது என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால், அதிலிருந்து கிளைத்த வேறு திட்டம் எதுவும் உயிரோடு இருக்கிறதா என்று தேடி, உங்கள் பதிவை அங்கே கொண்டு போங்கள்.